நூற்றுப் பதினேழாம் கல்

1. வேலைக்குச் சேர்ந்த நாள்

ஐம்பதுகளின் கடைசியில் திருச்சியில் ஒரு கல்லூரியின் ஜியாலஜி டிபார்ட்மென்டில் மியூசியம் கீப்பராகச் சேர்ந்தேன். பெயரைக் கேட்டுப் பெரிய உத்தியோகம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இரண்டு ஹால், பதினாறு அலமாரி, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு கம் பாட்டில், இவற்றுக்கெல்லாம் சேர்த்து நான் ஒருவன். அதற்கு முன் பத்து வருஷம் சின்னக் கடைத் தெருவில் ஒரு ஜவுளிக் கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தேன். கடையை மூடிவிட்டார்கள். நிதானமான கை என்று யாரோ சிபாரிசு செய்ய, முப்பத்தைந்து வயதில் கல்லுக்கு வந்து சேர்ந்தேன்.

லெக்சரர் சவரிமுத்து சார் என்னைவிட ஏழு வயது சின்னவர். புதுக்கோட்டைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் எப்போதும் ஒரு லென்ஸ். முதல் நாள் அவர் என்னிடம் வேறு எதுவும் பேசாமல் ஒரு கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். ஆட்டுக் கொம்பு மாதிரி சுருண்டு, நடுவில் சக்கரமும் சுற்றிலும் வரி வரியாக மேடும் உள்ள கல். இரண்டு கையாலும் ஏந்தி, கொஞ்சம் குனிந்தும் விட்டேன். எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டுப் பெருமாள் சந்நிதியில் சாளக்கிராமம் உண்டு. சக்கரம் உள்ள கல்லைப் பார்த்தால் கை தானாகவே அப்படிப் போய்விடும்.

சார் கவனித்தார். ஆனால் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இது அம்மோனைட், ஒரு காலத்தில் கடலில் நீந்திய பிராணி, வயசு என்ன இருக்கும் சொல்லுங்க என்றார். யோசித்துப் பார்த்து, ஆயிரம் வருஷம் இருக்கலாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "பத்து கோடி வச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கிளாஸ் எடுக்கப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது ஆறு எனக்கு ஆறாகத் தெரியவில்லை. அந்தப் பிராணி நீந்திய கடல் திருச்சி வரை வரவில்லை, பாடாலூருக்குக் கிழக்கேயே நின்றுவிட்டது என்று சார் மத்தியானம் சொல்லியிருந்தார். என் மனது கேட்டால்தானே. கொள்ளிடம் வரை அதைக் கொண்டுவந்துவிட்டது. அப்போது மொட்டையாக நின்ற ராஜகோபுரத்துக்குப் பின்னால் அலை அடிக்கிறது, சுருள் சுருளாக ஏதேதோ நீந்திப் போகிறது, நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறேன். இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டி இரண்டு ஸ்டாப் போய்விட்டேன். கண்டக்டர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

2. எண் ஒட்டும் வேலை

இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அப்போது நாங்கள் செய்த விதத்தைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சார் மாதத்தில் இரண்டு முறை ஃபீல்டுக்குப் போவார். பாடாலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஊட்டத்தூர் தாண்டி, காரை என்ற ஊர்ப் பக்கத்து ஓடைகளுக்கு நடை. அங்கே மண் அடுக்கடுக்காகக் கிடக்கும். மேற்கே இருப்பது அடி அடுக்கு, எல்லாவற்றிலும் பழசு. அரியலூரைப் பார்த்துக் கிழக்கே போகப் போக மேல் அடுக்கு, புதுசு. எந்த அடுக்கில் எடுத்த கல்லோ அதை நோட்டில் எழுதி, ஒரு நம்பர் போட்டு, நம்பர்ச் சீட்டோடு சேர்த்துப் பழைய பேப்பரில் சுற்றிக் கொண்டுவருவார். நான் பிரித்து, துடைத்து, அதே நம்பரை இந்தியன் இங்க்கில் சின்னச் சீட்டில் எழுதிக் கல்லில் கம் வைத்து ஒட்டி டிராயரில் அடுக்க வேண்டும். சுற்றி வந்த சீட்டு குப்பைக்குப் போகும். ஆக, அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்பதற்கு இந்த உலகத்தில் ஒரே சாட்சி நான் ஒட்டிய சீட்டுதான்.

நான் சேர்ந்ததிலிருந்து நாலு வருஷமாகச் சார் தீஸிஸுக்குச் சேர்த்த கற்கள் இருநூற்றுச் சொச்சம், இரண்டு பெரிய டிராயரில் இருந்தன. இந்தச் சுருள் பிராணிகள் அடுக்குக்கு அடுக்கு எப்படி மாறின, எது எதிலிருந்து வந்தது என்பதுதான் தீஸிஸ். அடியில் மெல்லிய வரி, அதற்கு மேல் தடித்த வரி, அதற்கும் மேல் வரியின் நுனியில் முண்டு, முள். வம்சாவளி எழுதுகிற மாதிரி. அடுத்த வருஷம் சீனியர் போஸ்ட் ஒன்று காலியாக இருந்தது. தீஸிஸ் கொடுத்தால் அது அவருக்கு. எனக்கு இதெல்லாம் நன்றாகவே தெரியும். தெரிந்துதான் செய்தேன் அந்தக் காரியத்தை.

3. திருமஞ்சனம்

ஈஸ்டருக்கு சார் பத்து நாள் ஊருக்குப் போனார். அந்த வருஷம் பங்குனி உத்திரமும் அதை ஒட்டியே வந்தது. கோயிலில் பெருமாளுக்கும் தாயாருக்கும் சேர்த்தித் திருமஞ்சனம் சேவித்துவிட்டு மறுநாள் வேலைக்கு வந்தேன். ஹாலில் ஆள் இல்லை. வெயில் ஜன்னல் வழியாக அலமாரிமேல் சாய்ந்து கிடந்தது. டிராயரை இழுத்தேன். வரிசை வரிசையாகச் சக்கரக் கல், எல்லாவற்றின் மேலும் துடைத்தும் போகாத காரைப் புழுதி.

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் சக்கரம் உள்ள கல்லை ஒரு நாள்கூடக் காயப் போடமாட்டோம். சாளக்கிராமம் என்றால் கண்டகி நதியில் கிடைத்தது, காரை ஓடையில் கிடைப்பது எல்லாம் சாளக்கிராமம் ஆகிவிடாது என்பது எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். தெரிந்தாலும் பார்த்துக்கொண்டிருக்க மனம் வரவில்லை. நாலு வருஷமாகத் தீர்த்தம் காணாமல் கிடக்கிறதே என்று தோன்றிவிட்டது.

தொட்டியை நிரப்பினேன். இரண்டு டிராயரையும் மெதுவாக உள்ளே இறக்கினேன். என்ன அழகு என்கிறீர்கள்! தண்ணீர் பட்டதும் சாம்பல் கல்லெல்லாம் சிவப்பாக, தேன் நிறமாக, சிலது முத்து மினுங்கலாக எழுந்து வந்தன. தையல் போட்டமாதிரி ஓட்டில் நெளிந்து ஓடும் கோடுகள் ஒவ்வொன்றும் தெரிந்தன. அதற்கு சூச்சர் என்று சார் பெயர் சொல்லியிருந்தார். கையால் அளைந்துகொண்டே நின்றேன். அவை நகர்வதாகவே எனக்குப் பட்டது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

பிறகுதான் தண்ணீரின் மேல் பார்த்தேன். சின்னச் சின்ன வெள்ளைச் சீட்டு. ஒன்றல்ல, அத்தனையும். நான் ஒட்டிய கம் வேலம் பிசின். தண்ணீரில் கரையாமல் என்ன செய்யும்?

சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி பிளாட்டிங் பேப்பரில் காயவைத்தேன். இந்தியன் இங்க் அழியவில்லை, அந்த மட்டுக்கும் நல்லது. ஆனால் எந்தச் சீட்டு எந்தக் கல்லுக்கு? பல கற்களை எனக்கு அடையாளம் தெரியும், மனிதர் முகம் போல. ஒரு நூற்றைம்பதுக்குச் சத்தியம் செய்வேன். மிச்சத்தை எப்படி ஒட்டினேன் என்றால், நிறத்தைப் பார்த்து, பருமனைப் பார்த்து, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு. ஐந்து நாளில் இரண்டு டிராயரும் பழையபடி ஆகிவிட்டன. பழையதைவிடச் சுத்தமாகவே இருந்தன.

4. இருக்கக்கூடாத இடத்தில்

சார் வந்து டிராயரைத் திறந்தார். "அடேயப்பா, பளிச்சுன்னு இருக்கே" என்று என் முதுகில் தட்டினார். நான் அசடு வழிந்தேன். ஒரு வாரம் போனது. ஒன்றும் ஆகவில்லை. பிழைத்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் அவர் ஹாலுக்குள்ளிருந்து என்னைக் கூப்பிட்ட குரலே வேறு மாதிரி இருந்தது. போனேன். கையில் ஒரு கல், புழுதி போன பிறகுதான் தெரிந்த இரட்டை வரிசை முள் வைத்தது. அவர் அதுவரை அந்த ஜாதியைப் பார்த்ததெல்லாம் மேல் அடுக்குகளில்தான். இந்தக் கல்லின் நம்பர் நூற்றுப் பதினேழு. நோட்டில் நூற்றுப் பதினேழுக்கு நேரே காரை, அடி அடுக்கு என்று எழுதியிருந்தது.

"வரதன், இது இங்க இருக்கக்கூடாது. ஆனா இருக்கு பாருங்க" என்றார்.

அப்புறம் அரை மணி நேரம் அவர் பேசியதை நான் கேட்டுக்கொண்டு நின்றேன். முள் கடைசியில் வந்தது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்களாம். ஆதியிலேயே ஒரு கிளை முள்ளோடு புறப்பட்டிருக்கிறது, அது எங்கோ ஆழத்தில் யார் கண்ணிலும் படாமல் வாழ்ந்து பின்னால் மேலே வந்திருக்கிறது, அப்படியானால் வம்சாவளியையே திருப்பி எழுத வேண்டும் என்றார். கண் எங்கோ இருந்தது. அவரும் அந்தக் கடலைப் பார்க்கிறார் என்று தெரிந்தது. நான் உத்தேசமாக ஒட்டிய நம்பரை நம்பி அவர் அந்தக் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்.

அந்தக் கல்லுக்கு அந்த நம்பரை நான் கண்ணைத் திறந்துகொண்டு ஒட்டினேனா, மூடிக்கொண்டு ஒட்டினேனா? எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை.

வீட்டில் என் மனைவி கோமளத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள். களைந்து முடித்துவிட்டுச் சொன்னாள்:

"பெருமாள் கல்லு மாதிரி இருக்குன்னு அலம்பினேள், சரி. அப்புறம் கண்ணை மூடிண்டு ஒட்டினேளே, அது எந்தப் பெருமாளுக்கு?"

எனக்குக் கோபம்தான் வந்தது, சாப்பிடாமல் எழுந்து போனேன். இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

5. தெப்பக்குளம் வரை

மறுநாள் காலையில் சார் ஒரு கவரை என்னிடம் கொடுத்தார். கட்டுரை. தெப்பக்குளத்தண்டை உள்ள டைப்பிஸ்டிடம் கொடுத்து மூன்று காப்பி அடித்து வாங்கி வரவேண்டும், நாளைக்கே கல்கத்தாவில் உள்ள ஜியாலஜிப் பத்திரிகைக்குத் தபாலில் போகணும் என்றார். அன்று புதுச் சட்டை போட்டிருந்தார்.

தெப்பக்குளம் வரை போனேன். கவர் ஒட்டியிருக்கவில்லை. ஒரு தாளை உருவிப் பார்த்தேன். என் இங்கிலீஷ் ஜவுளிக் கடை இங்கிலீஷ். பாதி புரியவில்லை. ஆனால் நூற்றுப் பதினேழு என்ற நம்பர் ஒவ்வொரு பக்கத்திலும் இருந்தது, அதன் கீழே ஒவ்வொரு தடவையும் அவர் கோடு போட்டிருந்தார். டைப்பிஸ்ட் என்னைப் பார்த்துவிட்டு வாங்க ஐயா என்றார். வெற்றிலை போட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நழுவினேன். எனக்கு வெற்றிலைப் பழக்கமே கிடையாது.

திரும்பி நடந்தேன். பஸ் ஏறத் தோன்றவில்லை. போகும் வழியெல்லாம் மனதில் ஒரே கணக்கு. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது, கல் வாய் திறக்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பிராணி கோடி கோடி வருஷம் மண்ணுக்குள் தன் இடத்தில் அசையாமல் கிடந்திருக்கிறது. நான் ஐந்து நாளில் அதைத் தூக்கி வேறு காலத்தில் போட்டுவிட்டேனோ என்னவோ. பிறக்காத காலத்தில் பிறந்ததாகப் பொய்ச் சாட்சி சொல்லிவிட்டேனோ. இந்த எண்ணம் வந்ததும் வேறெங்கும் நிற்காமல் டிபார்ட்மென்டுக்கு வந்துவிட்டேன்.

சார் கிளாஸ் முடிந்து வந்ததும் கவரை மேஜைமேல் வைத்தேன். அலம்பியது, சீட்டு மிதந்தது, ஒட்டியது, எல்லாவற்றையும் நின்றபடி சொல்லி முடித்தேன்.

"எத்தனை கல்லு?" என்றார்.

"ஐம்பது, அறுபது இருக்கும் சார். நூற்றுப் பதினேழும் அதுல உண்டு."

புதுச் சட்டையின் கையை மடித்து மடித்துப் பிரித்தார். "நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாமே வரதன்" என்றார். குரலில் கோபமில்லை. அழுகிற குரல் அது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். "சொல்லிட்டீங்க. இனிமே எனக்குத் தெரியாதுன்னு நான் இருக்க முடியாது" என்றார்.

நாலு நாள் என்னிடம் பேசவில்லை. பேச வேண்டிவந்தால் மிஸ்டர் வரதாச்சாரி என்றார். என் கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு அந்தப் பெயரை யாரும் அப்படி முழுதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ராஜினாமாக் கடிதம் எழுதிப் பையில் வைத்துக்கொண்டேன். ஐந்தாம் நாள், அவர் என் மேஜை ஓரத்தில் வந்து நின்று, சனிக்கிழமை காலை முதல் பஸ், தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

6. சனிக்கிழமைகள்

ஏறக்குறைய ஒரு வருஷம் சனிக்கிழமைதோறும் போனோம். ஞாயிறு அவருக்குப் பூசை உண்டு, அதனால் சனி. இடம் தெரியாத கற்களைத் துணிப்பையில் போட்டு நான் சுமப்பேன். ஒவ்வொரு அடுக்காக உட்கார்ந்து, அந்த மண்ணில் கிடப்பவற்றின் நிறம், வரி, ஓட்டுக்குள் அடைந்திருக்கும் களிமண், எல்லாவற்றையும் பையில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். நிச்சயம் என்று இருவரும் சொன்னால் மட்டும் நம்பர். ஒருவர் தயங்கினாலும் கல் பைக்குள் திரும்பிவிடும்.

காரை ஓடைகளைப் பார்த்திராதவர்களுக்கு எப்படிச் சொல்வது? செடி கொடி இல்லை. சிவப்பும் சாம்பலுமாக மண் மடிப்பு மடிப்பாக எழுந்து நிற்கும். நான் மடித்த புடவைகள் அத்தனையையும் யாரோ பிரித்துப் போட்டமாதிரி. நடுவே ஜிப்சத் தகடு வெயிலில் மினுங்கும். மத்தியானம் கானல் எழும்பும்போது, அந்த மண்ணின் மேல் தண்ணீர் ஏறிவிட்டதென்றே எனக்குத் தோன்றும். தயிர் சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு கடலுக்கு அடியில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறோம். மேலே கூட்டம் கூட்டமாகச் சுருள்கள் போகின்றன, நிழல் எங்கள்மேல் விழுகிறது. ஒரு நாள் சாரிடம் இதைச் சொன்னேன். அவர் சாதத்தை மென்றபடி மேலே பார்த்து, "நீங்க நினைக்கிறதைவிட இன்னும் ஆழம்" என்றார். அன்றுதான் மறுபடி வரதன் என்று கூப்பிட ஆரம்பித்தார்.

மெல்ல மெல்லக் கிழக்கே நகர்ந்தோம். ஒரு மைல் நடந்தால் எத்தனையோ லட்சம் வருஷம் தாண்டிவிடும். வரி தடித்தது. முண்டு வந்தது. முள் வந்தது. எந்த அடுக்கிலும் யாரும் திடீரென்று வந்து குதிக்கவில்லை. முந்தைய முகத்தின் சாயல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டேதான் வந்தது. அரியலூரைத் தாண்டி இன்னும் கிழக்கே ஒரு சுண்ணாம்புக்கல் அடுக்குக்கு வந்தபோது மாலை ஆகிவிட்டது. தேடினேன், தேடினேன், ஒரு அம்மோனைட்கூட இல்லை.

"இதுக்கு மேல கிடையாது. இங்கயே முடிஞ்சிடுச்சு" என்றார் சார்.

முடிந்தது என்றால்? உலகம் பூராவுமா என்று கேட்டேன். ஆமாம் என்றார். அந்த அடுக்கில் சுருளாக இன்னொன்று மட்டும் கிடைத்தது, நாட்டிலஸ். அதன் தையல் கோடு வெறும் வளைவு, ஒரு அலங்காரமும் இல்லை. அந்த இனம் இன்றைக்கும் கடலில் உயிரோடு இருக்கிறதாம். அத்தனை நெளிவும் முள்ளும் வைத்துக்கொண்ட கூட்டம் பூண்டோடு போயிற்று, இந்தச் சாதுவான பிராணி பிழைத்துக்கொண்டது. ஏன் என்று கேட்டேன். காரணம் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள், நிச்சயமாகத் தெரியாது என்றார். ஒரு வருஷம் அவர்களோடேயே நடந்து வந்தவன் இல்லையா? திரும்பி நின்று அழுதேன். சார் பார்க்காதமாதிரி ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார்.

7. முப்பத்தொன்று

கடைசியில் முப்பத்தொரு கல் மிஞ்சியது. நூற்றுப் பதினேழு என்று நான் ஒட்டியதும் அதில் ஒன்று. காரை அடி அடுக்கில் இரட்டை முள் வைத்த இன்னொன்று கிடைத்தால் போதும், சாருடைய கண்டுபிடிப்பு நிலைத்துவிடும். அதற்காகவே எட்டு சனிக்கிழமை அந்த ஓடையைக் குடைந்தோம். லீவு போட்டு நான் தனியாகவும் போய்த் தேடினேன். கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதால் இல்லை என்றும் சொல்ல முடியாது.

முப்பத்தொன்றையும் தீஸிஸில் சேர்க்கவில்லை. தீஸிஸ் ஒரு வருஷம் தாமதமாகப் போனது. சீனியர் போஸ்ட் வேறொருவருக்குக் கிடைத்தது. ஒரு நாளும் சார் அதைச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அந்தக் கற்களைத் தனி டிராயரில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் 'இடம் தெரியாது' என்று நானே சீட்டு எழுதினேன். அதற்குப் பிறகு எங்கள் மியூசியத்தில் நம்பரைச் சீட்டில் எழுதி ஒட்டுவதே இல்லை. கல்லின்மேல் வெள்ளை பெயின்ட் வைத்து, காய்ந்ததும் அதன்மேல் இங்க்கில் எழுதி, வார்னிஷ் பூசுவோம்.

அறுபதுகளின் நடுவில் சாருக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று டிராயர்களை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார். அந்த முள் வைத்த கல்லைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"இத்தனை வருஷம் நான் கேட்கலை. உங்க கைதான் ஒட்டிச்சு. மனசுல என்ன தோணுது வரதன், இது கீழ இருந்து வந்ததா, இல்லையா?"

நான் சொன்னேன்: "சொன்னா நீங்க நம்பிடுவீங்க சார்."

என்னையே பார்த்தார். "ஆமா, நம்பிடுவேன்" என்று சொல்லிக் கல்லை இருந்த இடத்திலேயே வைத்து டிராயரை மூடினார்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். தெரியாது என்று எழுதுவதற்கு வெட்கப்படாதீர்கள். எனக்கு அந்தக் கல்லைப் பற்றி ஒன்று தோன்றுகிறது. நாளாக ஆக அது பலமாகத் தோன்றுகிறது. அதைக் கோமளத்திடம்கூடச் சொன்னதில்லை, இங்கேயும் எழுதப் போவதில்லை.